ஈயக்குட்டை கிளப்பின் பெயர்ப் பட்டியல்

3 மார்ச் 2024, ஞாயிறு
இன்று ஒரு தோமான் மீன்கூடச் சிக்கவில்லை. எங்கள் மீன்பிடி கிளப்பின் தலைவர், என் மச்சான் சுகுமாரன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பத்து காஜா ஊரில் ஈயம் தோண்டிய இந்தப் பழைய குட்டையோடு கிளப்பையும் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று கேட்கிறதாம், ரிசோர்ட் கட்ட. "நமக்கும் வயசாச்சுலா, கனகு. குடுத்துட்டுப் போலாம்."

5 மார்ச்
விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். விற்க, உறுப்பினர் பட்டியலில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். பட்டியலில் நாற்பத்தொரு பேர், அப்படியானால் இருபத்தெட்டுக் கை வேண்டும். உயிரோடு இருப்பது இருபத்து மூன்று!
இறந்தவர் பெயரை வெட்டாதது துரைமார் காலத்துப் பழக்கம். அவர்கள் போன பிறகு நாமும் அப்படியே விட்டுவிட்டோம். அப்பா பெயரும் அதில்தான் இருக்கிறது. துரைமாருக்குப் படகு தள்ளியவர், பின்னால் அதே கிளப்பில் உறுப்பினரான முதல் தோட்டத்து ஆள்.

9 மார்ச்
சுகுமாரன் போன் செய்தான். "செத்தவனா வந்து மீன் பிடிக்கப் போறான்? பேர வெட்டு மச்சான். செகரட்டரி நீதானே, சைன் போட்டா முடிஞ்சிச்சு."

12 மார்ச்
சோறு இறங்கவில்லை. என் மனைவி கலா, சுகுமாரனின் தங்கை, சொல்கிறாள்: "அண்ணன பகைச்சுக்காதீங்க. மாமா பேரையும் வெட்டாதீங்க." நல்லா இருக்கு. அப்ப நான் என்னதான் செய்யறது?

16 மார்ச்
பேனாவோடு உட்கார்ந்தேன். அப்பா பெயர், 'ஐயாவு' வரைக்கும் போனேன் — முடியல. இந்தப் பெயர் போனால் அப்பா அந்தக் குட்டையில் வெறும் படகுத் தள்ளி. அதுதான் பயம். வேறொன்றுமில்லை.

17 மார்ச், ஞாயிறு
கூட்டத்தில் எழுந்து, வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் என்னைப் பதவியிலிருந்து நீக்கி, காம்பார் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஷாஹித்தைச் செயலாளர் ஆக்கினார்கள். சுகுமாரன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

2 ஏப்ரல்
யாரும் போன் எடுப்பதில்லை.

14 ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு
போன வாரமே விற்றாகிவிட்டதாம். எனக்கு அழைப்பே வரவில்லை. ஷாஹித்திடம் கேட்டுப் புதுப் பட்டியலை வாட்ஸாப்பில் வாங்கினேன். இருபத்திரண்டு பேர். இரண்டு முறை எண்ணினேன். அப்பா இல்லை. நானும் இல்லை.
ஷாஹித்தைக் கூப்பிட்டேன். பாவம், திணறினான். "அண்ணே, எறந்தவங்க லிஸ்ட்டு தலைவர்தான் எழுதிக் குடுத்தாரு. நான் அப்படியே வெட்டிட்டேன்."
கலா இலை போட்டுவிட்டுக் காத்திருந்தாள். "அண்ணன் ஏன் இன்னும் வரல?" என்றாள்.
நீயே போன் பண்ணிக் கேள் என்றேன்.