என் பேரில் ஓடும் பைக்

ஐப்பசி 5, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். உளுந்து சரியில்லை, விற்கிற இட்லி மாவு பொங்கவில்லை. வாங்கினவர்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

பாங்கில் வரச் சொன்னார்கள். பெரிய கிரைண்டருக்குக் கேட்ட கடன் கிடையாதாம். டை கட்டின பையன், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே: "பாட்டி, உங்க பேர்ல பைக் லோன் இருக்கு. பல மாசமா தவணை கட்டல."

"நான் சைக்கிள்கூட ஓட்டினதில்லப்பா."

"உங்க கடன் ரிப்போர்ட்ல அப்படித்தான் வருது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பால்காரனுக்குக்கூட பாக்கி வைத்தவள் இல்லை நான். எங்கள் ஊர் கோவில்பதாகையில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கிறது மகன் குமாரின் பைக். கறுப்பு. புதுசு.

ஆதார், பான் அட்டை எல்லாம் பீரோவில். கண் ஆபரேஷன் சமயத்தில் சாவி யாரிடம் இருந்தது? சுமதியிடம். மருமகள்தான். ஆனாலும்.

ஐப்பசி 6, வியாழன்

மழை இல்லை. துணி காயவில்லை.

வாங்க: வெந்தயம், மாவு கவர், ரப்பர் பேண்ட், பீரோவுக்குப் புதுப் பூட்டு.

சு.விடம் சும்மா கேட்பது போல: "பைக் எந்தப் பணத்துல வாங்குனீங்க?"

"சீட்டு எடுத்துத்தான் அத்தை. அப்பவே உங்ககிட்ட சொன்னமே."

சொன்னார்களா? நினைவில்லை. பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது.

குமார் வேலைக்குப் போனதும் அவன் டிராயரைப் பார்த்தேன். பைக் காகிதம் எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டி அவன் பேரை மட்டும் படித்தேன். திருப்தி இல்லை.

ஐப்பசி 7, வெள்ளி

விளக்கேற்றினேன். அதே கையோடு இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, தட்டில் கற்பூரம். "என் பேர்ல கடன் வாங்கலைன்னு அடிச்சு அணைங்க."

குமார் சிரித்தான். "இன்னாம்மா, வெளாட்றியா?"

சு. சிரிக்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். கை கறுத்துவிட்டது. "போதுமா அத்தை?"

போதும் என்று சொன்னேன். கற்பூரத்துக்குப் பயப்படாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

ஐப்பசி 8, சனி

சு. பின்கட்டில் தனி அடுப்பு வைத்துவிட்டாள். மாவு பாக்கெட் கட்டவும் வரவில்லை. நானே கட்டினேன், பாதி ஒழுகிவிட்டது.

குமார் இரண்டு அடுப்பிலும் சாப்பிடுகிறான். வெட்கம் கெட்டவன்.

ஐப்பசி 10, திங்கள்

ஆவடி. பாய் வைத்திருக்கும் பிரௌசிங் சென்டர்.

"கடன் ரிப்போர்ட்டா? வருஷத்துக்கு ஒருவாட்டி துட்டு இல்லாமயே எடுக்கலாம்மா. போன்ல ஓடிபி வரும், சொல்லு."

"எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?"

"இன்னா, நானும் உன் பேர்ல ஒரு பைக் வாங்கிடுவேன்னு பயமா?"

ஆமாம், பயம்தான். போனை மறைத்துப் பிடித்துக்கொண்டு நானே ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன். பாய் சிரித்துக்கொண்டே இருந்தார்.

காகிதம் வந்தது. பாய் விரல் வைத்துச் சொன்னார். நகைக் கடன், என்னுடையது, அடைத்தாகிவிட்டது. பைக் கடன். கீழே இரண்டு விலாசம். ஒன்று என் வீடு. இன்னொன்று வேப்பம்பட்டு. கூடவே ஒரு போன் நம்பர். என்னுடையது இல்லை, குமாருடையதும் இல்லை, சு.வுடையதும் இல்லை.

"வேப்பம்பட்டுல யார்மா கீறாங்க உனக்கு?"

எனக்கு யாரும் இல்லை. சு.வின் சித்தி இருப்பது திருநின்றவூரில். அடுத்த ஸ்டேஷன்தானே.

ஐப்பசி 11, செவ்வாய்

அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தது ஒரு பொம்பளை.

"யாரு?"

"தனலட்சுமி பேசறேன். கே. தனலட்சுமி."

"இன்னா நக்கலா? நான்தான் கே. தனலட்சுமி."

பைக்கைப் பற்றிக் கேட்டேன். "என் புள்ளைக்கு வாங்கிக் குட்தேன். தறுதல, தவணை கட்டாம சுத்திகினு கீறான். அத்த கேக்க நீ யாரு? வசூல் ஆளா?"

பிடித்துவிடலாம் என்று கேட்டேன்: "பொறந்த தேதி சொல்லு பாப்போம்."

ஜூன் ஒன்று. வருஷமும் என்னுடையதே. கள்ளி!

"என் தேதி உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் தேதியா? எங்க பெரிய வாத்தியாரு போட்டதும்மா அது. எங்க கிளாசு மொத்தத்துக்கும் அதான்."

நான் அடைமழையில் பிறந்தேன் என்றுதான் அம்மா சொல்வாள். ஜூனில் ஏது அடைமழை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எங்கள் வாத்தியாரும் அதையேதான் போட்டார். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. தேதி ஆதார் வரைக்கும் வந்துவிட்டது.

ஒரே பேர், ஒரே இனிஷியல், ஒரே தேதி. கம்ப்யூட்டருக்கு நாங்கள் ஒருத்தி.

"அப்போ நீ பெரியவளா, நான் பெரியவளா?" என்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்.

சு.விடம் சொல்லவில்லை. இவளும் வேப்பம்பட்டுக்காரியும் பேசி வைத்துக்கொண்டு செய்வதாகவும் இருக்கலாம். முதலில் காகிதத்தில் மாறட்டும்.

ஐப்பசி 12, புதன்

பாய் கடையில் புகார் போட்டோம். 'இந்தக் கடன் என்னுடையது அல்ல.' ஆதார், பான் நகல் சேர்த்து. நகல் எடுத்த மிஷினில் காகிதம் ஏதும் தங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வேப்பம்பட்டுக்காரியிடம் அவள் ஆதாரையும் கேட்டேன். "தரமாட்டேன். நீ அத்த வெச்சி இன்னா பண்ணுவியோ." நியாயம். நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

பாய்: "ரிப்போர்ட்ல அந்தக் கடனுக்குப் போட்டுகீற பான் நம்பர் வேற, உன்னுது வேற. அது போதும்மா. ஒரு மாசம் ஆவும்."

ஐப்பசி 22, சனி

அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

சு. பேசுவது: 'ம்'. 'சரி'. 'வெச்சிருக்கேன்'.

மாவு வாங்க வந்த எதிர்வீட்டு அம்மா: "இன்னாக்கா, உங்க ஊட்ல ரெண்டு குக்கர் விசில் கேக்குது?"

"மழைக்கு" என்றேன். என்ன பதிலோ.

கார்த்திகை 11, வியாழன்

வெயில். போனில் தகவல் வந்தது. உடனே பாய் கடை. புது ரிப்போர்ட்டில் பைக் இல்லை. வேப்பம்பட்டு இல்லை. பாய் இரண்டு தரம் படித்துக் காட்டினார். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னேன்.

பாங்கில் திரும்ப மனு போடலாமாம். போடலாம், நாளைக்கு.

வீடு. சு. பின்கட்டில் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடன் வேற ஒருத்தியோடது. என் பேர்லேருந்து எடுத்துட்டாங்க."

"சந்தோஷம் அத்தை." திரும்பவில்லை.

நின்றேன். பிறகு என் தட்டை எடுத்துவந்து அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் அவருக்கும்தான் வடிச்சேன்."

"இருக்கறதப் போடும்மா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டாள்.

ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.