விதை அவரையைத் தின்னாதே

மத்திகெரெ, பெங்களூர்
10-2-1961

அன்பு மகள் யசோதாவுக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை காந்தாவும் சுகமாக இருக்கவேண்டும். இந்தத் தடவை இதை வழக்கத்துக்கு எழுதவில்லையம்மா. போன வாரம் பிலாய்க்குக் கிளம்பின கிருஷ்ணப்பாவிடம் கொடுத்தனுப்பினேனே விதை அவரை, அதில் ஒரு கொட்டையைக்கூட வாயில் வைக்காதே. மேலே ஒட்டியிருப்பது சாம்பல் இல்லை, விஷம். செவ்வாய்க்கிழமையே தந்தி கொடுத்தேன், இன்றோடு மூன்று நாள், உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவரை ஓய்ந்துவிட்டது, கடைசிக் காய்களைக் கொடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுத்தோம். எப்போதும் சாம்பல் புரட்டித்தானே வைப்போம், போன வருஷம் வண்டு தின்றுவிட்டதே என்று இந்த வருஷம் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் காய் போட்டுவிட்டு வரும்போது பூச்சிமருந்துத் தூள் வாங்கிவந்து புரட்டினேன், பார்க்கச் சாம்பல் மாதிரியே இருந்தது. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. விதையில் போய் விஷம் வைப்பார்களா என்று கத்துவாள் என்ற பயம்தான், வேறென்ன, என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். அவளுக்கோ பச்சைக் காய் ஓய்ந்ததும் விதையில் ஒரு படி எடுத்துச் சாம்பலைக் கழுவி, ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தால்தான் பருவம் முடிந்த மாதிரி. இந்த வருஷமும் அப்படியே செய்திருக்கிறாள். கழுவின தண்ணீர், ஊறின தண்ணீர் எல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தானே போகும். செவ்வாய் காலை நான் தோட்டத்திலிருந்து வந்தால் பசு நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து லட்சுமம்மா ஓடிவந்து, பாம்புதான் கடிச்சிருக்கும் அண்ணா என்கிறாள். தொட்டியைப் பார்த்தேன், அவரைத் தோல் மிதக்கிறது.

உள்ளே ஓடினேன். குழம்பு கொதிக்கிறது, உன் தம்பி ரங்கா தட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பானையைக் காலால் உதைத்துத் தள்ளினேன். அய்யோ தேவரே, கடவுளே, கொதிக்கிற கொளம்ப ஒதைக்கிறியே, பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு என்று உன் அம்மா அலறினாள். விஷயத்தைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. யசோதாவுக்கும் இதையேதானே அனுப்பின என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. பசு மத்தியானத்துக்குள் செத்துப்போனது, அதற்கு அழக்கூட எங்களுக்கு மனம் இல்லை. வேலியோரம் போட விதை வேண்டும் என்றுதான் நீ கேட்டாய், ஆனால் பாதியை நட்டுப் பாதியைப் பிதுக்கித் தின்கிற பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா.

மிச்சம் இருப்பதைப் பையோடு ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடு, ஊறவைத்த பாத்திரம் இருந்தால் அதையும் தூக்கிப் போடு, குழந்தை கையை நன்றாகக் கழுவிவிடு. எங்கள் ஆயுசையும் சேர்த்துக் கடவுள் உங்கள் மூவருக்கும் கொடுக்கட்டும். உடனே ஒரு வரி எழுது. மாப்பிள்ளையை எழுதச் சொல்லாதே, நீயே எழுது, மேல்விலாசமும் உன் கையெழுத்திலேயே இருக்கட்டும். வேறு கையெழுத்தில் வரும் கடிதத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லையம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னப்பா