காவியும் வெள்ளையும்

1984 மார்ச் 12, திங்கள்

கேழ்வரகுக் கூழ் அடிப்பிடித்துவிட்டது. புத்தி அடுப்பில் இல்லை. ஆயர் என்னைச் சேலத்துக்கு வரச்சொன்னாராம். பங்குச் சாமியார் ஆள் விட்டுச் சொன்னார். எல்லாம் எங்கள் கோயில் நாட்டாண்மை அல்போன்ஸ் போட்ட பிராது. கத்தோலிக்கத் துறவி காவி கட்டலாமா, தீர்த்தமலை அடிவாரத்தில் குடிசை போட்டுப் பண்டாரம் மாதிரி உட்காரலாமா என்று நேரிலேயே போய்க் கேட்டிருக்கிறான். என் எதிரில் வந்தால் "காவிக்காரரே" என்பான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 13

பெட்டியில் ஒரு வெள்ளை வேட்டி இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு போனால் பாதிச் சண்டை முடிந்துவிடும். மாட்டேன். துரத்தினால் துரத்தட்டும் என்று எழுதிவிட்டேன். இந்தக் குடிசையை விட்டால் பழைய மடத்தைத் தவிர எனக்குப் போக்கிடம் ஏது?

மார்ச் 14

அரூரில் பஸ் ஏறினேன். ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

"மலையில இருந்துங்களா சாமி? துன்னூறு குடுங்க."

"நான் மாதா கோயில் ஆளும்மா."

"அதனால என்னங்க, தொட்டு வுடுங்க."

நெற்றியில் சிலுவை போட்டேன். இதையும் யாராவது அல்போன்ஸிடம் சொல்வார்களோ என்று சேலம் வரை பஸ்ஸில் தெரிந்த முகம் தேடிக்கொண்டே போனேன். ஆயர் இல்ல வாசலில் வாட்ச்மேன், "சாப்பாடு பின்பக்கம் போடுவாங்க, போங்க" என்றான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆயர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மலைக்கு வர்றவங்க உங்களை எப்படிக் கூப்பிடறாங்க?"

"சாமின்னுங்க."

"நம்ம சனங்க?"

குனிந்து காவி முனையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அவங்களும் சாமின்னு கூப்பிடற வரைக்கும் வெள்ளை கட்டுங்க, குடிசையில இருங்க. முடியாதுன்னா மடத்துக்குத் திரும்பிடுங்க."

மார்ச் 15

வெள்ளை கட்டினேன். அழுகையா வருது. எதுக்கு அழறேன், ஒரு துணிக்கா?

மார்ச் 25, ஞாயிறு

பூசையில் என்னைப் பார்த்து அல்போன்ஸ் சிரித்தான். எரிச்சலை விழுங்கினேன். தூங்கும்போது மட்டும் காவியைக் கட்டிக்கொள்கிறேன். இது கீழ்ப்படிதலில் சேருமா?

ஏப்ரல் 3, செவ்வாய்

விடிகிற நேரம். அல்போன்ஸ் கதவைத் தட்டினான். மூச்சு வாங்கியது.

"அம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. பங்குச் சாமியார் ஊர்ல இல்லீங்க. நீங்க வாங்க சாமி."

ஓடினேன். மரண ஜெபம் சொல்லி முடிக்கும்வரை அவன் அம்மா மிக்கேலம்மாள் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு அடங்கிய பிறகும் பிடி தளரவில்லை. விரல்களை விலக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவர் கையில் இருந்தது காவி. வெள்ளை, குடிசைக் கொடியிலேயே கிடந்தது.

அல்போன்ஸும் பார்த்தான்.

"இருக்கட்டுங்க சாமி" என்றான்.

அடக்கம் முடிந்து வந்து வெள்ளையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.