உள்ளே விட்ட துணி

மார்ச் 4, செவ்வாய்
மகளின் நீலச் சட்டையை மூன்றாவது தடவையாக இரு பக்கமும் பிடித்துத் தைத்தேன். இருபத்து நாலு வயது. இரத்தப் புற்று வந்து ஒன்றரை வருஷம். பழைய மருந்து கேட்கவில்லை என்று இன்று புது மாத்திரை எழுதினார் டாக்டரம்மா. "பத்துல ஒருத்தருக்குக் கேக்கலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது." வீட்டுக்காரி காதில் அந்த ஒருவர் மட்டும் விழுந்திருக்கிறார். எனக்கு மற்ற ஒன்பது பேர். எட்டாவது வரை படித்தவனுக்குக் கழித்தல் மட்டும் நன்றாக வருகிறது.

சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கடையில துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆளே சுருங்குவாங்கன்னு தெரியாதுப்பா" என்றாள். சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பிடித்த துணியை வெட்டவில்லை. தையலுக்கு உள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. தொழிலில் அதுதான் முறை. உடம்பு வைத்தால் பிரித்து விடலாம்.

மார்ச் 19
எடை முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரி மெஷின் பொய் சொல்கிறது என்று வீட்டில் நாடா பிடித்துப் பார்த்தேன். நாடாவும் மெஷின் பக்கம்.

ஏப்ரல் 11, வெள்ளி
"உள்ள குத்துதுப்பா" என்றாள். எலும்பும் தோலுமான உடம்பு, தையலுக்குள் மூன்று மடிப்புத் துணி. குத்தாமல் என்ன செய்யும்? கடைக்கு எடுத்துப் போய் உள்ளே இருந்ததை ஒட்ட வெட்டினேன். முப்பது வருஷத்தில் யாருக்கும் செய்யாத வேலை.

கடையில் பட்டன் துளை தைக்கும் பெண்ணை எல்லோரும் காஜா அக்கா என்போம். கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர் இது? நாளைக்குப் பிள்ளை தேறி வந்தா எதைப் பிரிச்சு விடுவீங்க?"

"குத்துதுன்னுச்சு."

"மெல்லிசா ஒரு துணி வெச்சு மூடித் தைக்கத் தெரியாதா? வெட்டணுமா?"

தெரியும். ஏன் எனக்குத் தோணலை? கை தானா போச்சா, இல்ல நான்தான் முடிவு பண்ணிட்டேனா? பெத்தவன் பண்ற வேலையாடா இது — இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 6
மகள் மறுசோறு கேட்டாள். வீட்டுக்காரி சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. வெங்காயம் உரித்தாளாம். வீட்டில் வெங்காயம் தீர்ந்து மூன்று நாள். வாங்கி வர மறந்தவன் நான்.

ஜூன் 14, சனி
போன வாரம் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மறுபடி எடுக்கச் சொன்னார். இன்று சொன்னார்: "கெட்ட அணு எதுவும் தட்டுப்படலை. நம்பாமத்தான் ரெண்டாவது தரம் பார்க்கச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாசாமாசம் வரணும்."

நான் எழுந்து நின்று, "அப்ப அந்த ஒருத்தர் இவங்கதானா?" என்று கேட்டேன். பெற்ற மகளை 'இவங்க' என்றேனாம். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஜூலை 20, ஞாயிறு
மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினாள். நீலச் சட்டை அக்குளிலிருந்து இடுப்புவரை டர்ரென்று விட்டுப் போனது. பிரித்துவிட உள்ளே நூலளவு துணி இல்லை. தான் தைத்தது கிழிந்ததை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்த தையல்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நல்ல டைலரா பாத்துக் குடுத்திருக்கணும்" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்
இன்று நூலக வேலைக்குத் திரும்பப் போனாள். அதற்கென்று புதுச் சட்டை, அதே நீலம். சனிக்கிழமை பட்டன் வைக்கும்போது காஜா அக்கா உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள். "இவ்வளவு துணியா? இன்னொரு சட்டையே தைக்கலாம் போலிருக்கே மாஸ்டர்." சட்டையை வாங்கி இஸ்திரி போட்டேன்.

காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் நெளிந்தாள்.

"உள்ள குத்துதுப்பா."

"குத்தட்டும்" என்றேன்.