மிக்கேலின் அறை வாசலில் கட்டிய கயிறு

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.
வியாழக்கிழமை.

அன்புள்ள ரோசா அக்காவுக்கு,

உன் தங்கை பிரிஸ்கில்லா எழுதுகிறேன். பிரான்சில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் இவரும் அபியும் சுகம். நம் தம்பி மிக்கேலும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முயன்றேன். வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். குடும்பக் குழுவில் எழுதலாமென்றால் அதில் டோனி அண்ணனும் இருக்கிறான்.

அபிக்குப் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு நடக்கிறது. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மழை விட்டுவிட்டது. இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மனம் இருக்காது.

கருவடிக்குப்பம் வீட்டை டோனி இடித்துக் கட்டிய பிறகு நீ வரவேயில்லை. மிக்கேல் இருந்த பின்னறையை மட்டும் இடிக்காமல் விட்டான். அவனுக்குப் பழகிய அறை, மாற்றினால் தாங்கமாட்டான் என்றான். அன்றைக்கு டோனிமேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் அவ்வளவு வேலைக்கு நடுவே தம்பியை நினைக்கிறானே என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

நீ பிரான்சுக்குப் போகும்போது மிக்கேலுக்குப் பதினெட்டு வயது. பேச்சு குறைவு, கூட்டம் ஆகாது, சிலேட்டில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பான். அந்த மிக்கேலைத்தான் உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு தாளில் வரைந்து சுவரில் ஒட்ட ஆரம்பித்தான். தட்டில் மீந்த சோற்றைப் பிசைந்து, அதுதான் பசை. பாயில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்குத்தான் ஒட்டுவான். அதற்கு மேலே சுவர் சும்மா கிடக்கும். படுக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் தொட்டுவிட்டுத்தான் படுப்பான்.

அண்ணி சத்யப்பிரியா வீட்டு அலங்கார வேலை எடுத்துச் செய்கிறாள். யார் வீட்டில் எந்தச் சுவரில் எந்தப் படம் மாட்ட வேண்டும், விளக்கு எங்கிருந்து விழ வேண்டும் என்று சொல்லிச் செய்து தருவது. தன் ஹாலிலும் ஆள் உயர ஓவியங்கள் மாட்டியிருக்கிறாள். ஞாயிறு மாலைகளில் வீட்டைத் திறந்துவிட்டு ஆட்களை வரவழைக்கிறாள்; வந்து பார்ப்பவர்கள் பிறகு தங்கள் வீட்டுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். அது அவள் தொழில், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிக்கேலின் அறையையும் அதில் சேர்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. நான் போவதெல்லாம் வார நாட்களில்தான்.

போன ஞாயிறு கோழிக்குழம்பு வைத்திருந்தேன். மிக்கேலுக்குப் பிடிக்குமே என்று ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் போனேன். தெருவில் கார்கள். ஹாலில் வாசனைத் தண்ணீர் தெளித்த கூட்டம், கையில் பழச்சாறு, பல்குச்சியில் குத்திய சீஸ் துண்டு. அவர்களுக்கு நடுவே டப்பாவோடு நுழைந்து பின்னறைக்குப் போனேன்.

அறைக் கதவைக் கழற்றிவிட்டிருந்தார்கள். நிலையின் குறுக்கே, நகைக்கடைகளில் வரிசைக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி சிவப்பு வெல்வெட் கயிறு. உள்ளே மிக்கேலின் பாய் விரித்திருந்தது. அவன் தலையணை, அவன் அலுமினியக் குவளை, தேய்ந்துபோன கிரயான் துண்டுகள், எல்லாம் அவன் இப்போதுதான் எழுந்து போனான் என்று தோன்றும்படி அடுக்கி வைத்திருந்தது. படங்கள்மேல் வெளிச்சம் விழத் தரையோரம் குட்டிக் குட்டி விளக்குகள். பூச்சி அரிக்காமல் இருக்க என்னவோ மருந்து அடித்திருக்கிறார்கள், மூக்கை எரித்தது. வாசல் பக்கத்தில் ஓர் அட்டை. ‘மிக்கேல் இந்த அறையில் வாழ்ந்தார், வரைந்தார்’ என்று அதில் எழுதியிருந்தது.

வாழ்ந்தார், அக்கா.

ஒரு பெண் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, பாயின்மேல் ஒரு சம்பங்கிப் பூவை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒருவர் குந்தி உட்கார்ந்து, கள்ளங்கபடமே இல்லாத கோடு என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். வாய் நிறைய கேக்.

மிக்கேல் எங்கே என்று அண்ணியைக் கேட்டேன். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, கார் ஷெட்டில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான், அப்புறம் பேசலாம் என்று முணுமுணுத்தாள்.

ஷெட் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தால் ஒரே நாற்றம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு வாளி. அந்த வாளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். அவர்கள் போகும்வரை அவனுக்குக் கழிப்பறை அதுதான். என்னைப் பார்த்ததும், “முடிஞ்சிதாக்கா?” என்றான். முடிந்துவிட்டது, வா என்றேன்.

அவன் நேராகத் தன் அறைக்குத்தான் போனான். கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டான். தாண்டவில்லை, தொடவும் இல்லை. அந்த ஆட்களோடு ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு, தன் பாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பூ வைத்த அந்தப் பெண் அவனிடம், நீங்களும் படம் பார்க்க வந்தீர்களா, மிக்கேலைத் தெரியுமா என்று கேட்டாள். அவன் பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான்: “ஞாயித்துக்கெழம மிக்கேலு இல்ல.”

யாரோ அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அக்கா.

நான் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டேன். உள்ளே போய், பூவைத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். ஒவ்வொரு படமாகத் தொட ஆரம்பித்தான். இவன்தான் மிக்கேல் என்றேன்; இனியாவது வெட்கப்பட்டுக் கலைவார்கள் என்று பார்த்தேன். செத்துப்போனவன் என்று நினைத்தவர்களுக்கு அவன் உயிரோடு இருப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லார் கையிலும் போன். ஒருவர் கைகூடத் தட்டினார். மிக்கேல் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதையும் எடுத்தார்கள்.

டோனி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். “ஆளுங்களப் பாத்தா கத்துறான் பிரிசி. ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்தா இன்னா? சோறு போடறேன், துணி எடுக்கறேன். நீ வெச்சிப் பாரு, அப்ப தெரியும்” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அம்மா போனதிலிருந்து அவன்தான் வைத்துப் பார்க்கிறான். “வாழ்ந்தாருன்னு ஏண்ணா போட்டிருக்க?” என்று மட்டும் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், “அது அவ எழுதனது. அப்பிடி இருந்தாதான் ஜனங்க மரியாதையா பாக்குறாங்க” என்றான்.

அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கப் பிடிக்கவில்லை. தம்பியை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எடுத்துவந்தது அந்தக் குவளை ஒன்றுதான்.

இங்கே ஹாலில் படுக்கிறான். சாப்பிடுகிறான். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்கிறான். அபி தன் ஸ்கெட்ச் பேனாக்களைக் கொடுத்தாள், தொடவில்லை. நேற்று டோனி வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தானோ என்று எழுந்தேன். ஒரு கட்டுப் பெரிய தாள் கொண்டுவந்திருந்தான். சின்னத் தாளில் வரைந்தது தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியவில்லையாம். இங்கேயே வரையட்டும், வாராவாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். இவர் வாசலை விட்டு நகரவேயில்லை. “வேணாம் மச்சான், எடுத்துனு போய்டுங்க” என்றார். யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர்.

அப்போதுதான் டோனிக்குக் கோபம் வந்தது. “நான் மட்டுந்தான் கெட்டவனா? அக்காவும்தான் மாட்டி வெச்சிருக்குது, பாரு” என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். உன் சாப்பாட்டு அறை. மேசைக்கு மேலே, கறுப்புச் சட்டத்துக்குள், கண்ணாடி போட்டு மிக்கேலின் படம். கிறிஸ்துமஸுக்கு டோனி உனக்கு அனுப்பினானாம். ‘தம்பி வரைந்த படகு’ என்று நீ அவனுக்கு எழுதியிருந்தாய்.

கோபப்படாதே அக்கா, உனக்குத் தெரிய வழியில்லை. அது படகு இல்லை. அம்மாவின் கட்டில். கடைசி மாதங்களில் அம்மா படுத்திருந்த இரும்புக் கட்டில். நடுவில் பாய்மரம் மாதிரித் தெரிகிறதே, அது குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கம்பி. அதைத் தன் தலையணைக்கு நேராக ஒட்டியிருந்தான். பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் கை ஓரிடத்தில் வெறும் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது ஏன் என்று போனைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இங்கே வந்தும் அந்தக் கை சுவரில் எதையோ தேடுகிறது.

உன்னை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நீங்கள் எல்லோரும் சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அதை இறக்கிவிடு, அக்கா. சட்டமும் கண்ணாடியும் வேண்டாம், தாள் மட்டும் போதும். மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பு. டோனி முகவரிக்கு அனுப்பாதே, மேலே என் பெயரும் வேண்டாம். மிக்கேல் என்று அவன் பெயரையே எழுது. முப்பத்தெட்டு வயதில் அவன் பெயருக்கு இதுவரை ஒரு தபாலும் வந்ததில்லை. கையெழுத்துக் கேட்டால் அவனே போடுவான். மெதுவாகத்தான் போடுவான், தபால்காரரைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒன்றாகவே வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
பிரிஸ்கில்லா