தெரிந்தே தொட்ட தப்பு விடை

ஜூலை 8, செவ்வாய். இரவு.

இன்று ஜீவனஹள்ளிப் பள்ளி ஒன்றில் டேப்லெட் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் கணக்கு வருகிறது. சரியாகப் போட்டால் அடுத்த நிலை. பிள்ளைகளை நிலைவாரியாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

"யாரு எங்க நிக்கிறாங்கன்னு அதுவே சொல்லிடுது சார்," என்றார் ஆசிரியை. சும்மா சொல்லவில்லை. போன வருடம் வாயே திறக்காத பிள்ளைகள் இன்று போட்டி போட்டுக் கணக்குப் போட்டார்கள். மஞ்சுளா என்ற சிறுமியைக் காட்டி, "இவ மட்டும் கொஞ்சம் வீக்," என்றார்.

அவள் பின்னால் போய் நின்றேன். பின்னக் கணக்கு. "அஞ்சுல மூணு," என்று சரியாக முணுமுணுத்துவிட்டு வேறொரு விடையைத் தொட்டாள். திரையில் சிவப்பு வந்தது. அடுத்ததிலும் அப்படியே.

"தெரிஞ்சே தப்பா போடறியேம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மேல போனா ஜன்னல் பக்கம் மாத்திடுவாங்க அங்கிள். ரோசி தனியா ஆயிடுவா. மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

"போடி, பெரிய மேதாவி! போயேன்," என்றாள் பக்கத்தில் இருந்த ரோசி. மஞ்சுளாவின் கையை மட்டும் விடவில்லை.

காலையில் பத்திரிகைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும். இதை எழுதினால், பெயரை மாற்றினாலும் ஆசிரியைக்குப் புரிந்துவிடும். எழுதாவிட்டால் மஞ்சுளா வீக்காகவே இருப்பாள். நிலை எதுவானாலும் பிள்ளைகள் விரும்பிய இடத்தில் உட்காரட்டுமே என்று ஆசிரியையிடம் போனில் சொல்லிப் பார்க்கலாம்.

ஏன் சார் என்று கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.