போர்க்கைதிகளின் சிற்றாலயமும் என் பிழையான அறிக்கையும்

நண்பரே,

நேற்று இங்கே மெல்பேர்னில், நோபல் பார்க்கில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபம் முழுக்கப் புதுப் பெயின்ற் மணம். வாசல் தூணில் பளிங்கு போலவே ரேகை வரைந்திருந்தார்கள். என்னை அறியாமல் நகத்தால் சுரண்டிவிட்டேன். "அங்கிள், ப்ளீஸ் டோன்ட்!" என்று பெண்வீட்டுப் பிள்ளை ஒன்று ஓடி வந்தது. எனக்கு உம்முடைய நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம். நான் பொறியியலாளன், நீர் படவரைஞர். யாழ்ப்பாணத்தார் என்று அங்கே நாம் இருவர்தான். நான் சேர்ந்து நான்கு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்போதுதான் நகருக்கு வடக்கே புல்வெளியில் நின்ற கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்றைப் பார்த்து அறிக்கை எழுத என்னை அனுப்பினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே முகாமில் அடைபட்டிருந்த இத்தாலியக் கைதிகள் கட்டியது. பிறகு யாரோ அதை வைக்கோல் கொட்டிலாக்கியிருந்தார்கள். நான் வாசலில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். தூண்களெல்லாம் கறுப்புக் கறுப்பாக வெடிப்பு. ஆபத்தானது, இடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இடிக்குமுன் ஒரு வரைபடம் கேட்டார்கள். நீர் அளக்கப் போன சனிக்கிழமை நானும் கூட வந்தேன். வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறி உள்ளே போனீர். சற்று நேரத்தில் உம்முடைய குரல் கேட்டது.

"இஞ்ச வாரும் காணும்! இது வெடிப்பில்லை, பெயின்ற்!"

உம்முடைய ஈரக் கைக்குட்டை தூசியைத் துடைத்த இடத்தில் வெண்பளிங்கும் அதன் ரேகைகளும் தெரிந்தன. உண்மையில் சீமெந்துத் தூண், மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. தகரக் கூரையின் உட்புறத்தை ஆட்டுமயிர் கட்டும் சாக்கால் மூடி, சாந்து பூசி, வளைந்த வானமாக்கியிருந்தார்கள். அந்த வானத்தின் நிறம் உடுப்புக்குப் போடும் நீலம் என்று நீர்தான் கண்டுபிடித்தீர். பீடத்துக்கு மேலே போத்தல் அடிகளைப் பதித்த வட்ட ஜன்னல். ஜாம் தகரத்தில் இலை இலையாக வெட்டிய தொங்குவிளக்குகள்.

"றிப்போட் குடுத்தாச்சு. இப்ப மாத்தினா என்ர வேலை போயிடும்" என்றேன்.

"வேலை போனா வேற வேலை எடுக்கலாம். இதைத் திருப்பிக் கட்ட ஆர் இருக்கினம்?"

பீடத்தின் பின்னால் ஒரு பெயர் எழுதியிருந்தது. இத்தாலியர் கூடும் கோப்பிக் கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு வாரம் விசாரித்தீர். போர் முடிந்து ஊருக்கு அனுப்பப்பட்ட அந்த மனிதர், பிறகு குடியேறியாகத் திரும்பி வந்து, மெல்பேர்னிலேயே குளியலறைகளுக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார்!

உள்ளூர்ச் சபைக் கூட்டத்தில் உம்முடைய வரைபடங்களைச் சுவர் நிறையத் தொங்கவிட்டீர். "அப்படியானால் உங்கள் அறிக்கை?" என்று தலைவர் என்னைக் கேட்டார். எழுந்தேன். "அது பிழை. நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை."

அப்போது நீர் அழைத்து வந்திருந்த அந்த இத்தாலியர் எழுந்தார். "அந்த ரேகைகளைக் குதிரைவால் மயிராலும் அடுப்புக்கரியாலும் வரைந்தது நான். ஒரு பொறியியலாளரே ஏமாந்துவிட்டாரா?" என்று இரு கையையும் விரித்தார். சபையே சிரித்தது. பிறகு இடிக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. உயராத கை ஒன்றுகூட இல்லை. நீர் மேசைக்கடியில் என் கையைப் பிடித்து நெரித்தீர்.

என் வேலையும் போகவில்லை. வைக்கோல் அகற்றி நடந்த முதல் பூசையில் அந்த மனிதர் உம்மைத் தோளில் அணைத்து முன்வரிசைக்குக் கொண்டுபோனார். நெற்றியில் திருநீற்றோடு நீர் அந்த நீல வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்.

பிறகு எத்தனையோ பாலங்களுக்கும் மாடிகளுக்கும் கையெழுத்து வைத்தேன். என் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அந்தச் சிற்றாலயத்தைத்தான் சொல்கிறேன். அதில் நான் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இடிக்கச் சொன்னவனே நான்தான் என்பதையும் மறைப்பதில்லை.

அது இன்னும் நிக்குது, காணும்.